குறட்டை நடுவுல மூச்சு நின்னு போகுது, ஸ்லீப் டெஸ்ட் எங்க ஆரம்பிக்கிறது?

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டு அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

என் வீட்டுக்காரருக்கு 47 வயசு. குறட்டை கல்யாணமான புதுசுல இருந்தே உண்டு, அது பழகிப்போன சத்தம், இந்தக் கேள்வி அதைப் பத்தி இல்ல. ஒரு நாலு மாசமா அது வேற மாதிரி ஆயிடுச்சு. சத்தமா விட்டுக்கிட்டே இருப்பார், திடீர்னு நின்னுடும். சரி, நல்ல தூக்கத்துக்குப் போயிட்டார் போலன்னு தான் மொதல்ல நினைச்சேன். ஒரு ராத்திரி போன் வெளிச்சத்துல உத்துப் பார்த்தேன், நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குது, ஆனா மூச்சுச் சத்தம் இல்ல. மூக்குக்கிட்ட கைய வெச்சுப் பார்த்தேன், காத்தே படல. மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன், 20 தாண்டுச்சு, 25 தாண்டுச்சு, தோளைப் பிடிச்சு உலுக்கலாம்னு கைய நீட்டுறேன், அதுக்குள்ள தொண்டையில எதையோ பிச்சுக்கிட்டு வர்ற மாதிரி ஒரு சத்தம், உடம்பு ஒரு தூக்கு தூக்கிப் போட்டுச்சு, மறுபடி குறட்டை. கண்ணைக்கூட தொறக்கல. காலைல கேட்டா நல்லாத்தானே தூங்கினேன்னு சொல்றார்.

இதோட வேற சிலதும் இருக்கு, சம்பந்தம் உண்டான்னு தெரியல. ராத்திரி மூணு தடவையாவது பாத்ரூம் போக எழுந்திருக்கிறார், சுகர் டெஸ்ட் நார்மல். காலைல எழுந்ததும் தலை பாரமா இருக்குன்னு சொல்வார், ஒரு மணி நேரத்துல சரியாயிடும். பிபிக்கு ஒரு மாத்திரை போட்டுட்டு இருந்தவருக்கு இப்ப ரெண்டாவதும் சேர்த்துட்டாங்க, அப்பவும் முழுசா இறங்கல. உக்காந்தா தூங்கிடுறார். போன வாரம் சிக்னல்ல வண்டி நின்னப்போ கண்ணு சொக்கிடுச்சு, பின்னாடி ஹாரன் அடிச்சதும்தான் முழிச்சேன்னு அவரே சொன்னார். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

டாக்டர்கிட்ட போலாம்னா "எங்கப்பாவும் குறட்டை விட்டவர்தான், 80 வயசு வரைக்கும் நல்லா இருந்தார்"ன்னு சொல்லி முடிச்சுடுறார். அவர் உள்ளுக்குள்ள பயப்படுறது தூங்கும்போது மெஷின்ல இருந்து காத்து குடுக்க மாட்டுற மாஸ்க்குக்குத்தான்னு நினைக்கிறேன், ஒரு தடவை போட்டா ஆயுசு முழுக்க போடணுமாமே. எந்த டாக்டர்கிட்ட காட்டணும், ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி தங்கியே ஆகணுமா இல்ல வீட்டுலயே பண்ணலாமா, இவரை எப்படிக் கூட்டிட்டுப் போறது? நானும் தூங்கி மாசக்கணக்காச்சு, எப்ப நிக்கும்னு காதைத் தீட்டிக்கிட்டே படுத்திருக்கேன்.

தென்றல்52:

தங்கச்சி, இதைப் படிச்சப்போ ஆறு வருஷத்துக்கு முன்னாடி என் மனைவி எழுதின மாதிரியே இருந்துச்சு. அந்த சிக்னல் விஷயம் உட்பட. அதனால மொதல்ல அதைச் சொல்லிடுறேன், டெஸ்ட் பண்ணி ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கிற வரைக்கும் அவரை நீண்ட தூரம் வண்டி ஓட்ட விடாதீங்க. ராத்திரியிலயும் அதிகாலையிலயும் சுத்தமா வேண்டாம். சண்டை வந்தாலும் பரவாயில்ல.

கூட்டிட்டுப் போறதுக்கு எனக்கு வேலை செஞ்ச ஒரே வழி வீடியோ. நானும் உங்க வீட்டுக்காரர் மாதிரிதான், நம்பவே மாட்டேன், ஏன்னா தூங்குறவனுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. என் மனைவி ஒரு ராத்திரி மூணு நிமிஷம் எடுத்து வெச்சா, முகமும் நெஞ்சும் ஒண்ணா தெரியுற மாதிரி. காலைல ஒண்ணும் பேசாம போனைக் கையில குடுத்துட்டுப் போயிட்டா. அந்த மூணு நிமிஷத்துல நான் நாலு தடவை மூச்சு விடாம கெடந்தேன். வாய் தொறந்திருக்கு, வயிறு துடிக்குது, காத்து போகல, தண்ணிக்குள்ள அமுக்கிப் பிடிச்சவன் மாதிரி. அது நான்தான்னு மனசு ஒத்துக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. அன்னைக்கே அப்பாயின்ட்மென்ட் போட்டேன். அந்த வீடியோவையே டாக்டர்கிட்டயும் காட்டினேன், அவர் ரெண்டு தடவை பார்த்தார், நான் சொன்ன எதையும்விட அதுதான் அவருக்கு உதவியா இருந்துச்சு.

டாக்டர்னா நுரையீரல் டாக்டர் இல்ல ஈ.என்.டி. டாக்டர், ரெண்டு பேரும் பார்ப்பாங்க, தூக்கத்துக்குன்னே தனியா டாக்டர் இருந்தா ரொம்ப நல்லது. என்கிட்ட மொதல்ல எட்டு கேள்வி உள்ள ஒரு தாள் குடுத்தாங்க, எப்வொர்த் ஸ்கேல்னு பேரு. புத்தகம் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, சாப்பிட்டுட்டு சும்மா உக்காந்திருக்கும்போது, வண்டி ட்ராஃபிக்ல நிக்கும்போது தூங்கிப்போக எவ்ளோ வாய்ப்புன்னு ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 3 வரைக்கும் மார்க் போடணும். மொத்தம் 24, 10-க்கு மேல போனா பகல் தூக்கம் அதிகம்னு அர்த்தம். நான் 17. அப்புறம் கழுத்தை டேப் வெச்சு அளந்தாங்க, வாயைத் தொறக்கச் சொல்லி உள்நாக்கு, டான்சில் எல்லாம் பார்த்தாங்க.

எனக்கு லேப்லதான் பண்ணினாங்க. ரூம் ஹோட்டல் ரூம் மாதிரிதான் இருந்துச்சு, ஆனா தலையில, கண்ணு ஓரத்துல, தாடையில, காலுல எல்லாம் ஒயர் ஒட்டிட்டாங்க, நெஞ்சுக்கு ஒரு பெல்ட், வயித்துக்கு ஒரு பெல்ட், மூக்குல சின்ன ட்யூப், விரல்ல ஆக்ஸிஜன் பார்க்குற கிளிப். இப்படி கட்டிப்போட்டா எவன் தூங்குவான்னு நினைச்சேன், ஆனா வருஷக்கணக்கா சரியா தூங்காத உடம்பு, பத்து நிமிஷத்துல போயிட்டேன். ரிசல்ட்ல ஒரு மணி நேரத்துக்கு 52 தடவைன்னு வந்துச்சு. ஆக்ஸிஜன் 71 வரைக்கும் எறங்கியிருக்கு.

பாத்ரூம் விஷயம் கேட்டீங்கல்ல, சம்பந்தம் இருக்கு. மூடின தொண்டைக்கு எதிரா இழுக்கும்போது நெஞ்சுக்குள்ள அழுத்தம் மாறி, இதயத்துக்கு ரத்தம் அதிகமா வந்து அது விரியுதாம், உடம்புல தண்ணி ஜாஸ்தியாயிடுச்சுன்னு அது தப்பா நினைச்சுக்கிட்டு சிறுநீரை வெளியேத்தச் சொல்லி ஒரு ஹார்மோனை விடுதாம். டாக்டர் படம் வரைஞ்சு காட்டினார். எனக்கு மெஷின் போட்ட மொத வாரமே ராத்திரி எழுந்திரிக்கிறது நின்னுடுச்சு. பிபி மாத்திரை மட்டும் இன்னும் போடுறேன், டோஸ் குறைஞ்சிருக்கு.

பசுமை:

இதுக்கெல்லாம் டெஸ்ட் அது இதுன்னு பயப்பட வேண்டாம் அக்கா. ஒருக்களிச்சு படுக்கச் சொல்லுங்க, தலைகாணி கொஞ்சம் உயரமா வைங்க, உடம்பைக் குறைக்கச் சொல்லுங்க. என் மாமாவுக்கு 12 கிலோ குறைஞ்சதும் குறட்டையே போயிடுச்சு.

ராத்திரிஷிஃப்ட்:

ஸ்லீப் லேப்ல டெக்னீஷியனா 11 வருஷமா இருக்கேன், அதனால இதுல ரெண்டு மூணு விஷயம் தெளிவா சொல்லணும்.

பசுமை சொன்னது தப்பில்ல, ஒருக்களிச்சு படுக்குறதும் எடை குறைக்கிறதும் நெஜமாவே உதவும். மல்லாக்கப் படுத்தா நாக்கும் மேலண்ணமும் பின்னாடி சரிஞ்சு தொண்டையை அடைக்கும், சில பேருக்கு மல்லாக்கப் படுக்கும்போது மட்டும்தான் வரும், அது டெஸ்ட்லயே தெரிஞ்சுடும். எடைக்கும் கணக்கு இருக்கு, 2000-ல வந்த ஒரு ஆய்வுல எடை 10 சதவீதம் ஏறினவங்களுக்கு மூச்சு நிக்கிற எண்ணிக்கை சுமார் 32 சதவீதம் ஏறுச்சு, 10 சதவீதம் குறைஞ்சவங்களுக்கு சுமார் 26 சதவீதம் குறைஞ்சுச்சு. ஆனா நல்லா பாருங்க, தென்றலுக்கு வந்த 52-ல இருந்து 26 சதவீதம் போனாலும் மிச்சம் 38 இருக்கு. எடை குறையுற வரைக்கும் ராத்திரி ராத்திரி மூச்சு நின்னுட்டேதான் இருக்கும். அதோட குறட்டைச் சத்தம் போச்சுன்னா அப்னியாவும், அதாவது தூக்கத்துல மூச்சு நிக்கிறதும், போச்சுன்னு சொல்ல முடியாது, அது அளந்து பார்த்தாதான் தெரியும். நிலாமுற்றம் எழுதினதுல எல்லாமே இருக்கு, சத்தமான குறட்டை, பக்கத்துல இருக்கிறவங்க கண்ணால பார்த்த மூச்சு நிப்பு, பகல் தூக்கம், அடங்காத பிபி. இதுக்கு மேல காத்திருக்க வேண்டாம்.

நீங்க பார்த்தீங்களே, வயிறும் நெஞ்சும் அசையுது ஆனா காத்து வரலன்னு, அதைத்தான் நாங்க ராத்திரி பூரா ஸ்க்ரீன்ல பார்க்குறோம். ரெண்டு பெல்ட்டோட கோடும் அலை அலையா போகும், மூக்கு ட்யூப்போட கோடு மட்டும் தட்டையா கெடக்கும். மூளை மூச்சு விடச் சொல்லுது, உடம்பு முயற்சி பண்ணுது, வழி மட்டும் அடைஞ்சிருக்கு, இது அடைப்பால வர்ற அப்னியா. பெல்ட் கோடும் சேர்ந்து தட்டையாச்சுன்னா மூளையே கட்டளை குடுக்கல, அது வேற வகை, ட்ரீட்மென்ட்டும் வேற. கொஞ்ச நேரத்துல ஆக்ஸிஜன் கோடு சரியும், அப்புறம் மூளை அலை ஒரு குலுங்கு குலுங்கும், அதுதான் நீங்க கேட்ட அந்தப் பெரிய சத்தம். மூணு நாலு விநாடி முழிப்பு, அவருக்குத் தெரியாது. ஆழ்ந்த தூக்கத்துக்கு உடம்பைப் போகவே விடாம ராத்திரி பூரா இதே வேலை.

10 விநாடி அல்லது அதுக்கு மேல மூச்சு நின்னா அதை அப்னியான்னு எண்ணுவோம். முழுசா நிக்காம காத்து குறைஞ்சு, கூடவே ஆக்ஸிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைஞ்சாலோ அதையும் எண்ணுவோம். ரெண்டையும் கூட்டி தூங்கின மணி நேரத்தால வகுத்தா வர்றது ஏ.ஹெச்.ஐ. 5-க்குள்ள நார்மல், 15 வரைக்கும் லேசு, 30 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல தீவிரம். நீங்க எண்ணின 25 விநாடியை வெச்சு எந்த நிலைன்னு சொல்ல முடியாது, ஆனா டெஸ்ட் வேணும்னு சொல்ல அதுவே போதும்.

வீட்டுலயா லேப்லயான்னா, இவர் மாதிரி அறிகுறி பளிச்சுனு இருந்து வேற பெரிய நோய் இல்லாதவங்களுக்கு வீட்டு டெஸ்ட்டே போதும்னு டாக்டர்கள் பெரும்பாலும் சொல்வாங்க. ஒரு பெல்ட், மூக்கு ட்யூப், விரல் கிளிப், அவ்ளோதான். ஆனா அதுல மூளை அலை பார்க்க மாட்டாங்க, அதனால எவ்ளோ நேரம் தூங்கினார்னே மெஷினுக்குத் தெரியாது, முழிச்சுக் கெடந்த நேரத்தையும் சேர்த்து வகுத்துடும், எண்ணிக்கை உள்ளதைவிட குறைவா வரலாம். அதனால வீட்டு டெஸ்ட் நார்மல்னு வந்தும் அறிகுறி அப்படியே இருந்தா விட்டுடாதீங்க, லேப் டெஸ்ட் கேளுங்க. இதய பலவீனம், பக்கவாதம் வந்தவங்க, கடுமையான நுரையீரல் நோய் உள்ளவங்க, மார்ஃபின் மாதிரி பலமான வலி மாத்திரை எடுக்குறவங்க நேரா லேப்தான்.

டெஸ்ட் அன்னைக்கு மதியத் தூக்கம் வேண்டாம், மதியத்துக்கு மேல காபி டீ வேண்டாம். தலைக்கு எண்ணெயோ ஜெல்லோ தேய்க்காம வரணும், ஒயர் ஒட்டாது. விரல் நகத்துல பாலிஷ் இருந்தா எடுத்துடணும். வழக்கமா போடுற மாத்திரைய டாக்டர் சொன்னாலொழிய நிறுத்தக் கூடாது. தூக்கம் வரலன்னு அவராவே தூக்க மாத்திரை போட்டுட்டு வரவே கூடாது, அதுவும் மதுவும் தொண்டைத் தசையைத் தளர்த்தி நிலைமையை மோசமாக்கும். அங்க தூக்கமே வரலன்னா என்ன பண்றதுன்னு பல பேர் பயப்படுவாங்க, வீட்டுல தூங்குற மாதிரி யாரும் தூங்குறதில்ல, பல நேரம் சில மணி நேரத் தூக்கத்துலயே எங்களுக்கு வேண்டியது கெடைச்சுடும்.

மாஸ்க் பயத்துக்கு ஒண்ணு சொல்றேன். 1981-க்கு முன்னாடி தீவிர அப்னியாவுக்கு உறுதியான வழின்னா கழுத்துல ஓட்டை போட்டு மூச்சுக்குழல் வைக்கிறதுதான். அந்த வருஷம் ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன்ங்கிற டாக்டர், மூக்கு வழியா காத்தை லேசா அழுத்திக் குடுத்தாலே தொண்டை மூடாம நிக்குதுன்னு காட்டினார், அதுதான் இந்த சிபாப். மூக்குக் கண்ணாடி மாதிரி, போடுற நேரம் வேலை செய்யும், கழட்டினா பழைய நிலை. எடை நல்லா குறைஞ்சா மறுபடி டெஸ்ட் பண்ணி, தேவையில்லன்னா கழட்டினவங்களும் இருக்காங்க. லேசா இருந்தா பல் டாக்டர் செய்யுற வாய்க் கருவி, கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னாடி இழுத்து வெச்சிருக்கும், அதுவே சில பேருக்குப் போதும். மாஸ்க் ஒண்ணுதான் கதின்னு இல்ல, ஆனா எது பொருந்தும்னு தெரிய மொதல்ல டெஸ்ட் வேணும்.

மல்லிகைப்பந்தல்:

இதைப் படிக்கிற பெண்களுக்காக எழுதுறேன், ஏன்னா இந்தப் பேச்சு வந்தாலே குண்டான ஆம்பளைங்க நோய்னு நினைச்சுடுறாங்க. எனக்கு 54 வயசு, ஒல்லியான உடம்பு, குறட்டை பெருசா கெடையாது. மாதவிடாய் நின்ன அப்புறம் தூக்கம் கெட்டுச்சு, ரெண்டு மணிக்கு முழிப்பு, படபடப்பு, பகல் பூரா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி. வயசு, ஹார்மோன், மனசு சரியில்லன்னு மூணு வருஷம் மாத்தி மாத்தி மாத்திரை குடுத்தாங்க, யாரும் ராத்திரி மூச்சைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல. கடைசில இதய டாக்டர் ஒருத்தர்தான் துடிப்பு சீரா இல்லையே, தூக்கத்தையும் பாருங்கன்னு அனுப்பினார். ஏ.ஹெச்.ஐ. 22. பல பெண்களுக்கு இப்படித்தான் சத்தமில்லாம வருமாம், சோர்வு, தூக்கமின்மை, காலைத் தலைவலின்னு. எனக்கு அந்த மூணு வருஷம் போனது இன்னும் ஆறல, அதனாலதான் கேக்குறவங்க கேக்கலனாலும் சொல்லிட்டே இருக்கேன்.

நிலாமுற்றம், மாஸ்க் பத்தி. மொத மூணு வாரம் கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். மொத ராத்திரி ஒரு மணி நேரத்துல புடுங்கி எறிஞ்சேன், மூச்சு முட்டுற மாதிரி. எனக்கு வழி காட்டினது, பகல்ல டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிக்கிட்டு உக்காந்தது. மொதல்ல வெறும் மாஸ்க், அப்புறம் மெஷின் போட்டு. மூளை அதை ஆபத்து இல்லன்னு பழகிக்கணும். ராம்ப்னு ஒரு பட்டன் இருக்கும், அழுத்தம் மெதுவா ஏறும். வாய் காய்ஞ்சா, காத்தை ஈரமாக்குற ஹுமிடிஃபையர்ல சூடு கூட்டிப் பாருங்க, காய்ச்சி வடிச்ச தண்ணி (டிஸ்டில்டு வாட்டர்) தான் ஊத்தணும். முகத்தை மூடுற பெரிய மாஸ்க் எனக்கு ஆகல, மூக்குத் துவாரத்துல மட்டும் ஒக்காருற சின்னது ஆச்சு. ஒரு வகை ஆகலன்னா மெஷினே ஆகலன்னு முடிவு பண்ணிடாதீங்க.

நிலாமுற்றம்:

ஏழு வாரம் ஆச்சு, எல்லாரும் இவ்ளோ எழுதினீங்க, சொல்லாம விட மனசு வரல.

தென்றல் அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே பண்ணினேன். அவர் வீடியோவைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசல. திரும்ப ஒரு தடவை போட்டுப் பார்த்தார், இந்தத் தடவை அவர் மூச்சை அவரே பிடிச்சுக்கிட்டு பார்த்தார், வீடியோவுல மூச்சு வர்றதுக்கு முன்னாடி அவருக்கு முட்டிடுச்சு. "நீ தெனமும் இதையா பார்த்துட்டு இருந்த"ன்னு கேட்டார். எனக்கு அழுகை வந்துடுச்சு.

நுரையீரல் டாக்டர் வீட்டு டெஸ்ட் எழுதிக் குடுத்தார். ஏ.ஹெச்.ஐ. 38, ஆக்ஸிஜன் 76 வரைக்கும். ரிப்போர்ட்ல மல்லாக்கப் படுத்தப்போ 50-க்கு மேல, ஒருக்களிச்சப்போ 20-க்கு மேல, அதனால பக்கம் மாத்திப் படுத்தா மட்டும் பத்தாதுன்னு சொன்னார், பசுமை தம்பி கவனிச்சுக்கோங்க. உங்க மாமாவையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க. இப்ப ஆட்டோ சிபாப், அழுத்தத்தைத் தானா மாத்திக்கிற மெஷின், போட்டு அஞ்சாவது வாரம். மெஷின் காட்டுற எண்ணிக்கை 3, 4-ன்னு வருது. பாத்ரூமுக்கு ஒரு தடவை, சில நாள் அதுவும் இல்ல.

மெஷின் போட்ட நாலாவது ராத்திரி நான் திடுக்குனு முழிச்சேன். சத்தமே இல்ல. பழக்கத்துல கைய நீட்டி நெஞ்சுல வெச்சேன், ஏறி இறங்குது, மாஸ்க் ஓரத்துல காத்து ஸ்ஸ்னு ஒரே சீரா வருது. ரொம்ப நேரம் கைய எடுக்கல, அப்படியே தூங்கியிருக்கேன்.

ஒரு சந்தேகம் மட்டும். மூக்கு மேட்டுல சிவந்து தழும்பு மாதிரி ஆகுது, ஸ்ட்ராப்பை இறுக்கினா காத்து கசியாதுன்னு இறுக்கிட்டே போறார். என்ன பண்ணலாம்?

ராத்திரிஷிஃப்ட்:

ரொம்ப சந்தோஷம். இறுக்கவே வேண்டாம், அதுதான் தப்பு, இறுக்க இறுக்க ரப்பர் மடங்கி இன்னும் கசியும். உக்காந்து மாட்டாம படுத்துக்கிட்டு, மெஷினை ஓட விட்டு, மாஸ்க்கை ஒரு தடவை முகத்துல இருந்து லேசா இழுத்து விடச் சொல்லுங்க, ரப்பர் காத்துல உப்பி தானா ஒக்காரும், அப்புறம் ஸ்ட்ராப்பை ரெண்டு பக்கமும் சமமா, ஒரு விரல் நுழையுற அளவுக்கு வைங்க. தெனமும் காலைல அந்த ரப்பரை மைல்டு சோப்புல கழுவணும், முகத்து எண்ணெய்ப் பசை இருந்தா வழுக்கும். ராத்திரி படுக்கும்போது முகத்துக்கு க்ரீம் வேண்டாம். ஒரு வாரத்துல சிவப்பு குறையலனாலோ தோல் உரிஞ்சாலோ மாஸ்க் சைஸ் சரியில்ல, குடுத்தவங்ககிட்டயே போய் மாத்திக் கேளுங்க. போகும்போது மெஷின்ல இருக்கிற மெமரி கார்டையும் எடுத்துட்டுப் போங்க, எந்த ராத்திரி எவ்ளோ கசிஞ்சிருக்குன்னு அதுலயே இருக்கும்.